வெள்ளிக் காசைச் சோதிக்க மெட்டல் டிடெக்டர்: நான்கு வருட அனுபவம்

என்னிடம் உள்ள மெட்டல் டிடெக்டர் மண்ணில் புதைந்த பழங்காசுகளைத் தேடுவதற்காக வாங்கியது. பிறகு வெள்ளிக் காசும் சின்னச் சின்ன வெள்ளிக் கட்டிகளும் சேர்க்க ஆரம்பித்தேன். கூடவே போலி பற்றிய பயமும் வந்தது. மண்ணுக்குள் கிடப்பது ஆணியா காசா என்று எண்ணைக் காட்டிச் சொல்லும் கருவி, கையில் இருக்கும் காசு வெள்ளியா இல்லையா என்று சொல்லாதா என்று தோன்றியது. நான்கு வருடமாகச் செய்துபார்க்கிறேன். பாதி வேலையை அது நன்றாகவே செய்கிறது. மீதிப் பாதியில் ஏமாற்றுகிறது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கட்டி செலவானது.

முதலில் ஒன்று. இதற்குத் திரையில் எண் காட்டும் டிடெக்டர்தான் வேண்டும். வாசலில் ஆட்களைச் சோதிக்கும் கைத்தடிக் கருவியும், குழிக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன பின்பாயிண்டரும் உலோகம் இருக்கிறதென்று கத்துமே தவிர, என்ன உலோகம் என்று சொல்லாது. அவற்றை வைத்து முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் செய்யும் முறை எளிது. ஆணி, திருகு எதுவும் இல்லாத மர மேஜையில் காயிலை, அதாவது டிடெக்டரின் நுனியில் உலோகத்தை உணரும் தட்டை, படுக்க வைப்பேன். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, போன், சார்ஜர், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் தள்ளி வைப்பேன். இல்லையென்றால் எண் ஓரிடத்தில் நிற்காது. சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) குறைத்துக்கொள்வேன். காயிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், காசின் தட்டைப் பக்கம் காயிலைப் பார்க்கும்படி பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். பெரும்பாலான டிடெக்டர்களில் பொருள் அசைந்தால்தான் எண் வரும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் கருவி திணறும். காசை விளிம்பு பார்க்கப் பிடித்தால் எண் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அதே உயரம், அதே பிடி.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காயில் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அது திருப்பி அனுப்பும் சைகை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைத்தான் கருவி எண்ணாக்குகிறது. மின்கடத்தும் திறன் கூடக்கூட எண் ஏறும். காசு பெரிதானாலும், தடிமன் கூடினாலும் ஏறும். இரண்டு காசை அடுக்கி வைத்தாலே எண் கூடுவதைப் பார்க்கலாம். ஆகவே வெள்ளிக்கென்று ஒரே எண் கிடையாது. 40.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அமெரிக்கன் ஈகிள் என்ற அமெரிக்க வெள்ளிக் காசையும் 38 மில்லிமீட்டர் மேப்பிள் லீஃப் என்ற கனடா வெள்ளிக் காசையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. நம்பகமான இடத்தில் வாங்கிய ஒரு ஈகிளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இன்னொரு ஈகிளை அதோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு.

அப்படி ஒப்பிடும்போது கருவி நன்றாகக் கைகொடுக்கிறது. என் டிடெக்டரில் அசல் ஈகிள் 93, 94-இல் நிற்கும். ஒருமுறை தனி ஆளிடம் வாங்கிய ஐந்து காசுகளில் மூன்று 94 காட்டின. இரண்டு 70-ஐச் சுற்றியே வந்தன. பார்வைக்கு ஐந்தும் ஒரே மாதிரி. எழுத்து, விளிம்பு வரிகள் எதிலும் குறை தெரியவில்லை. அந்த இரண்டையும் தராசில் வைத்தேன். 31.1 கிராமுக்குப் பதில் ஒன்று 26.4, இன்னொன்று 26.5. மேலே முலாம், உள்ளே ஏதோ மட்டமான கலப்பு. பித்தளை, ஜெர்மன் சில்வர், ஈயம், துத்தநாகம் என மலிவான போலிகளில் வரும் உலோகங்கள் எல்லாமே மின்கடத்துவதில் வெள்ளிக்கு வெகு கீழே. பித்தளை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். ஈயம் பத்தில் ஒரு பங்குகூட வராது. மேலே பூசிய சில மைக்ரான் முலாமை டிடெக்டர் பொருட்படுத்துவதே இல்லை. இந்த வகைப் போலியைப் பிடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து காசை வெளியே எடுக்கவும் வேண்டாம். கை படாமல், கீறல் விழாமல் பார்க்க முடிவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. அலுமினியத் தாள் சேர்த்து ஒட்டிய உறை மட்டும் விதிவிலக்கு. அந்தத் தாளையும் சேர்த்தே கருவி படிக்கும்.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பத்து அவுன்ஸ் கட்டி வந்தது. வெள்ளிக்குரிய டிராய் அவுன்ஸ் ஒன்று 31.1 கிராம்; தராசில் 311 கிராம், சரி. காந்தம் ஒட்டவில்லை. டிடெக்டரில் எண் உச்சத்தில் போய் நின்றது. மனசு நிறைந்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மூலையில் தேய்ந்த இடத்தில் லேசான சிவப்பு தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தண்ணீர்ச் சோதனை செய்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். டிஜிட்டல் தராசில் பாதித் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கினேன். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் கையில் தூக்கிப் பிடித்தேன். ஒட்டியிருந்த காற்றுக் குமிழ்களை நூலை மெல்லத் தட்டி விலக்கினேன். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, கன சென்டிமீட்டரில். வெள்ளியாக இருந்தால் 29.6 வர வேண்டும். வந்தது 34.6. 311-ஐ அதால் வகுத்தால் 8.99. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. முலாம் பூசிய செம்புக் கட்டியை வெள்ளி என்று பெட்டியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறேன்.

டிடெக்டர் ஏன் கோட்டைவிட்டது? மின்கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு; இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு சதவீதம்போலத்தான். அந்த அளவு பெரிய கட்டியில் இரண்டுமே அளவீட்டின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். காசிலும் செம்பு கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் தரும். ஆனால் காசில் தப்பிக்க முடியாது. ஈகிளின் விட்டத்தையும் எடையையும் செம்பில் கொண்டுவர வேண்டுமானால், 2.98 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தடிமன் ஏறக்குறைய 3.5 ஆகிவிடும். காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் உடனே தெரியும். கட்டிகளோ தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி நீள அகலம் மாறுபவை. கொஞ்சம் தடித்திருந்தாலும் கண் சந்தேகப்படாது. என் கண்ணும் சந்தேகப்படவில்லை.

கட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் ஆழமாக இறங்காது. அதன் அலைவெண் (வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது) 10 கிலோஹெர்ட்ஸாக இருந்தால், வெள்ளியில் அது வலுவிழக்கும் ஆழம் 0.64 மில்லிமீட்டர்; 5 கிலோஹெர்ட்ஸில் 0.9. அலைவெண் மாற்ற முடிகிற கருவியில் நான் குறைந்த அலைவெண்ணைத்தான் எடுப்பேன். எண்களுக்கு இடையில் இடைவெளி அதில் கொஞ்சம் நன்றாகத் தெரிகிறது. அப்படியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசல் வெள்ளித் தோலுக்குள் ஈயத்தையோ டங்ஸ்டனையோ திணித்திருந்தால், டிடெக்டர் தோலை மட்டும் பார்த்து வெள்ளி என்றே சொல்லும். அடர்த்தி அங்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் 11.34, டங்ஸ்டன் 19 சொச்சம். வெள்ளியை நெருங்குவது மாலிப்டினம், 10.28. கனமானதையும் இலேசானதையும் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டினால் தண்ணீரும் ஏமாறும். அதனால்தான் கடைகளில் கட்டிக்குள் ஒலி அனுப்பிப் பார்க்கும் மீட்டர் வைத்திருக்கிறார்கள்.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பென்றால் எண் குறைவாகத்தான் வரும் என்று நம்பிவிடக் கூடாது. தட்டையான, அகலமான இரும்புத் தகடு சில சமயம் வெள்ளிக்குச் சமமாக உயர்ந்த எண்ணைத் தருகிறது. மண்ணில் தேடுகிறவர்கள் இதில் பலமுறை ஏமாந்திருப்பார்கள். ஒரு சின்ன நியோடைமியம் காந்தம் கையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. சாய்த்துப் பிடித்த கட்டியின் மேல் அதே காந்தத்தை விட்டால், வெள்ளியில் தேன் வழிவதுபோல மெல்ல இறங்கும். செம்பிலும் மெல்லத்தான் இறங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பழக்கம் இதுதான். காசுகள் மொத்தமாக வந்தால், உறையோடு டிடெக்டரில் ஒரு சுற்று. எண் தனித்து நிற்கும் காசு அப்போதே ஒதுக்கப்படும். மீதிக்குத் தராசும் காலிப்பரும். கட்டி என்றால் டிடெக்டரை எடுப்பதே இல்லை, நேரே தண்ணீர்தான். உறை பிரிக்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால், உறைக்கு மேலிருந்தே உள்ளே வரை மின்கடத்தலை அளக்கும் தனிக்கருவி வைத்திருக்கும் கடையில் காட்டலாமா என்று கேட்கிறேன். சம்மதித்தால் வாங்குகிறேன்.