எண்ணெய் கடலில் கொட்டினால்: மிதவைத் தடுப்பா, ரசாயனத் தெளிப்பா?

குமரிக் கடலில் எண்ணெய்த் துரப்பணம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, தாராவியில் வாழும் குமரி மாவட்டத்துக்காரர்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஊரில் அண்ணன் தம்பிகள் படகில் போகிறார்கள், கவலை இருக்காதா? மும்பைக்கும் இது புதிதல்ல. 2010 ஆகஸ்டில் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய் அலையாத்திக் காடுவரை வந்தது.

வேகம்
தடுப்பு (எண்ணெயைச் சுற்றி வளைக்கும் மிதக்கும் வேலி): படகும் ஆட்களும் வேண்டும், மெதுவான வேலை.
ரசாயனம் (எண்ணெயைச் சிதறடிக்கும் திரவம்): விமானத்திலிருந்தே தெளிக்கலாம். ஆனால் எண்ணெய் நாள்பட்டுக் கெட்டியாவதற்குள் தெளிக்க வேண்டும்.

அலை
தடுப்பு: பருவமழைக் கடலில் எண்ணெய் தடுப்பின் மேலாகவும் அடியாகவும் நழுவிவிடும்.
ரசாயனம்: அலை இருந்தால்தான் நன்றாகக் கலக்கும்.

மீன்
எனக்கு முக்கியம் இதுதான். தடுப்பு வளைத்த எண்ணெயை இயந்திரத்தால் வழித்து வெளியே எடுத்துவிடலாம். ரசாயனம் எண்ணெயை அகற்றுவதில்லை. நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குகிறது. மேற்பரப்பு பளிச்சென்று தெரியும், கீழே முட்டையும் குஞ்சும் அந்தத் துளிகளில்தான் நீந்தும். 2010 மெக்சிகோ வளைகுடா விபத்தில் ஏறக்குறைய 70 லட்சம் லிட்டர் ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள்.

கழிமுகம், அலையாத்தி, ஆழமற்ற மீன்பிடிப் பகுதிக்குத் தடுப்புதான். ரசாயனம் அங்கே கூடவே கூடாது. கரையிலிருந்து வெகு தொலைவில், ஆழ்கடலில், எண்ணெய் பறவைக் கூட்டத்தை நோக்கி நகரும்போது மட்டும் ரசாயனத்தை ஏற்பேன். எண்ணூரில் 2017இல் சிந்திய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். தடுப்புகள் துறைமுகக் கிடங்கில் தயாராக உள்ளனவா என்று இப்போதே கேளுங்கள்.