எடின்பரோவில் கில்ட்டுக்குத் தொப்பி வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஸ்காட்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம்மவர்களில் பலருக்கும் ஒருநாள் கில்ட், அதாவது இங்கே ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை, கட்ட வேண்டி வரும். நண்பர் கல்யாணம், பட்டமளிப்பு விழா, ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் இரவு விருந்து என்று ஏதாவது ஒரு காரணம் அமையும். கில்ட், ஜாக்கெட், இடுப்பில் தொங்கும் ஸ்போரன் என்ற பை, முழங்கால் வரைக்கும் வரும் காலுறை எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக் கடைக்காரர்கள் அளவெடுத்து ஒழுங்காகவே கொடுக்கிறார்கள். தொப்பி மட்டும் பெரும்பாலும் அந்த வாடகையில் சேராது, தனியாக வாங்க வேண்டும். சுற்றுலாக் கடைகள் நம்மைப் பிடிப்பது அங்கேதான்.

எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. எடின்பரோ பழைய நகரத்தில், பயணிகள் கூட்டம் நெரியும் தெருவில் இருக்கிறது என்பது போதும்.

அலுவலக நண்பருக்குப் பெர்த்ஷயரில் ஒரு கிராமத் தேவாலயத்தில் பகல் கல்யாணம். பிளாக் வாட்ச் டார்ட்டனில் (குலத்துக்கோ படைப்பிரிவுக்கோ உரிய கட்டம் போட்ட துணியை டார்ட்டன் என்பார்கள்) கில்ட்டும் ட்வீட் ஜாக்கெட்டும் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. தொப்பி கேட்டுக் கடைக்குள் போனதும் அங்கிருந்தவர் சொன்ன முதல் விஷயம்: “கில்ட் கட்டிக்கொண்டு தொப்பி இல்லாமல் தேவாலயத்துக்குள் போனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமரியாதை சார்.” இது முழுப் பொய். கில்ட்டோடு தொப்பி கட்டாயமே இல்லை. இன்றைக்கு இங்கே கல்யாணத்துக்கு வருகிற ஆண்களில் பெரும்பாலோர் வெறும் தலையோடுதான் வருகிறார்கள். தேவாலயத்துக்குள் ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. மாலை விருந்துக்குப் போடும் பிரின்ஸ் சார்லி ஜாக்கெட்டோடு தொப்பி அணிவதும் அபூர்வம்.

அப்புறம் ஒரு கிளென்கேரியை எடுத்து வைத்தார். காந்தி குல்லாவைக் கெட்டிக் கம்பளியில் செய்து, உச்சியில் சிவப்புக் குஞ்சமும் பின்னால் இரண்டு கறுப்பு நாடாவும் வைத்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அதுதான் கிளென்கேரி. பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் வாசிப்பவர்கள் தலையில் பார்த்திருப்பீர்கள். “தூய கம்பளி, இங்கேயே கையால் செய்தது” என்றார். நூலில் தொங்கிய அட்டையிலும் ஸ்காட்லாந்துக் கொடி போட்டு ‘தூய கம்பளி’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பட்டை. “உங்கள் கில்ட்டின் குலத்துக்குப் பொருத்தமான பட்டை இதுதான்” என்றார். 65 பவுண்டு. அதற்கு மேல், கல்யாணம் என்றதும் மூன்று இறகு செருகிய உலோகச் சின்னத்தை இடப்பக்கம் குத்திக் காட்டி, விசேஷத்துக்கு இப்படித்தான் போட வேண்டும் என்று 30 பவுண்டு. மொத்தம் 95.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே தூறல். தேவாலயத்துக்கு வெளியே படம் எடுக்க நின்றபோது மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் வந்தார். முன்னாள் ராணுவ வீரர். என் தலையைப் பார்த்துவிட்டு, அந்த மூன்று இறகை யார் கொடுத்தது என்று தணிந்த குரலில் கேட்டார். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட் மரபில் மூன்று கழுகிறகு குலத்தலைவருக்கு மட்டுமே உரியது. குலத்தின் ஒரு கிளைக்குத் தலைவராக இருப்பவருக்கு இரண்டு. முறைப்படி மரபுச் சின்னம் பெற்றவருக்கு ஒன்று. மற்றவர்களுக்கு இறகே கிடையாது. இந்தச் சின்னங்களுக்கெல்லாம் பொறுப்பாக லார்ட் லயன் என்ற அதிகாரியும் அவருக்கென்று ஒரு நீதிமன்றமும் எடின்பரோவிலேயே உண்டு. அந்தக் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம்!

சிவப்பு வெள்ளைக் கட்டத்துக்கும் பிளாக் வாட்ச்சுக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். அந்தப் பட்டை, 2006 வரை தனிப் படைப்பிரிவாக இருந்த ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸின் அடையாளம். பிளாக் வாட்ச்சும் அப்போது தனிப் படைப்பிரிவுதான்; அதன் கிளென்கேரியில் கட்டமே இருந்ததில்லை, வெறும் கருநிறம்தான். இந்தக் கட்டங்களுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1932இல் கிளாஸ்கோ காவல்துறைத் தலைவராக இருந்த பெர்சி சில்லிடோ, கிளென்கேரிப் பட்டையைப் பார்த்துத்தான் போலீஸ் தொப்பிக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கொண்டுவந்தார். இன்று பிரிட்டன் முழுக்கவும் ஆஸ்திரேலியாவிலும் போலீஸ் தலையில் தெரியும் கட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆறவில்லை. அந்த வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் முறைப்படி உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டவனிடம், எது முறை என்று கேட்டவனிடம், தெரிந்தே தப்பைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். ஒரு வெளியூர்க்காரன் நம் கோவிலுக்கு வேட்டி கட்டி வர ஆசைப்பட்டால் அவனிடம் யாராவது இப்படிச் செய்வதை நாம் பொறுத்துக்கொள்வோமா?

மழை மிச்ச வேலையைச் செய்தது. நெருக்கி இறுக்கிய நல்ல கம்பளி சாதாரணத் தூறலைத் தாங்கும். அதனால்தான் இந்த ஊரில் இந்தத் தொப்பிகள் இத்தனை காலம் நின்றன. என்னுடையது தண்ணீரைக் குடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தது. வீட்டுக்கு வந்து உள்பக்கத் தோல்பட்டையைப் புரட்டிப் பார்த்தேன். தோல் அல்ல, ரெக்சின். அதற்குள் விறைப்புக்காகச் செருகியிருந்தது சாதாரண அட்டை. ஊறிக் கூழாகி, உள்துணியில் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. கட்டம் நெய்த பட்டை இல்லை; வெள்ளை நாடாவின் மேல் சிவப்புச் சாயம் அச்சடித்து ஒட்டியது, விளிம்பில் நகத்தால் கீறினால் உரிந்து வந்தது. அட்டைக்கும் ரெக்சினுக்கும் நடுவே, கண்ணில் படாத இடத்தில் தைத்த சின்னத் துணிச்சீட்டு: 100 சதவீதம் பாலியஸ்டர். கொடி போட்ட அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது’. செய்த இடம் எது என்று எங்குமே இல்லை.

வேறு நாட்டில் செய்தது என்பதால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பாகிஸ்தானில் சியால்கோட் நகரம் பல காலமாகப் பைப்பும் கில்ட்டும் கிளென்கேரியும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறது. அதை அதன் பெயரிலேயே, அதற்குரிய விலையில் விற்றால் யாருக்கும் குறை இல்லை. பாலியஸ்டரைக் கம்பளி என்று சொல்லிக் கம்பளி விலை வாங்குவதுதான் மோசடி.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “தொப்பி தலையில் படுகிற பொருள், சுகாதார விதிப்படி திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார்கள். இந்தப் பதிலை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். பிடிக்கவில்லை என்று கொடுத்தால்தான் கடைக்காரர் மறுக்கலாம். சொன்ன விவரத்துக்கு மாறான பொருள் என்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கல்லாவுக்குப் பின்னால் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று எழுதி ஒட்டியிருந்தாலும் அந்த உரிமை போகாது. இதைச் சொன்னதும் மேலாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் மேலாளர் இல்லை.

பிறகு வங்கியிடம் போனேன். ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. என்னுடையது அந்த வரம்புக்குள் வராது. நான் டெபிட் கார்டில்தான் கொடுத்திருந்தேன். அதனால் சார்ஜ்பேக், அதாவது கடையிடமிருந்து வங்கியே பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் ஏற்பாட்டைக் கேட்டேன். அதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. ‘தூய கம்பளி’ அட்டை, ‘பாலியஸ்டர்’ சீட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம்தான் வேலை செய்தது. 65 பவுண்டு திரும்பி வந்தது. இறகுச் சின்னத்துக்குக் கொடுத்த 30 வரவில்லை, ஏனென்றால் அதைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை. கடையைப் பற்றி, வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கும் புகார் எழுதியிருக்கிறேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. என்னைக் கேட்டால் நம்மவர்களுக்குக் கிளென்கேரியைவிடப் பால்மோரல்தான் நல்லது. வட்டமாக, தட்டையாக, உச்சியில் குஞ்சத்தோடு இருக்கும். வழக்கமான பால்மோரலைக் கம்பளியில் தளர்வாகப் பின்னி, வெந்நீரில் போட்டு அடித்து, பின்னல் கண்ணே தெரியாத அளவுக்குச் சுருக்குவார்கள். அயர்ஷயரில் ஸ்டூவர்டன், கில்மார்னக் ஊர்களெல்லாம் இந்த வேலையில்தான் பேர் வாங்கின. பின்னால் நாடா இருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இறுக்கிக்கொள்ளலாம். கிளென்கேரி பலவற்றில் நாடா வெறும் அலங்காரம்தான், இறுக்க உதவாது. அளவு தப்பினால் தலையில் நிற்காது. அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 58 சென்டிமீட்டர் தலைக்குப் பிரிட்டிஷ் அளவு 7 1/8, அமெரிக்க அளவு 7 1/4. இணையத்தில் வாங்கினால் சென்டிமீட்டரிலேயே கேளுங்கள். டாம் ஓ ஷேன்டர் இன்னும் அகலமாகத் தொளதொளவென்று இருக்கும், மலையேறப் போகும்போது நன்றாக இருக்கும், கல்யாணத்துக்கு வேண்டாம். ஆரஞ்சு முடி ஒட்டிய டார்ட்டன் தொப்பி கால்பந்து மைதானக் கேலிக்கானது, அதை மரபுத் தொப்பி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நிறம் கருநீலமோ கறுப்போ போதும், கட்டமில்லாததே எல்லா கில்ட்டுக்கும் ஒத்துப்போகும். சின்னம் வேண்டும் என்றால் முட்செடிப் பூச் சின்னம் யாரும் குத்திக்கொள்ளலாம். தொப்பியின் இடப்பக்கத்தில் இருக்கும் நாடா முடிச்சின் மேல். தொப்பியை வலப்பக்கமாகச் சாய்க்க வேண்டும்.

கடையில் நின்றுகொண்டே உள்பட்டையைப் புரட்டுங்கள், துணிச்சீட்டைப் படியுங்கள். எந்த நூல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். தொப்பியை லேசாக வளைத்துப் பாருங்கள், அட்டை மடங்கும் சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள். ரசீதில் வெறும் ‘தொப்பி’ என்று போட்டால் ‘கம்பளி’ என்று சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.