லினக்ஸில் வீட்டு ஒலிப்பதிவு: தொடங்க மூன்று பிளகின் போதும்

சில வருடங்களாக என் பாட்டுப் பதிவெல்லாம் லினக்ஸில்தான், ஆர்டோர் மென்பொருளில். அதில் சேர்த்துக்கொண்டு ஒலியைத் திருத்தும் சிறு மென்பொருள்தான் பிளகின். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘விண்டோஸ் பிளகின் எல்லாம் இதில் ஓடுமா?’ என்பதுதான். நிறைய ஓடும். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள்.

உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே எல்எஸ்பி, டிராகன்ஃபிளை ரிவர்ப் என்ற பிளகின் தொகுப்புகள் இரண்டும் பெரும்பாலும் இருக்கும். அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர், அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவர்ப் மூன்றும் இவற்றிலேயே கிடைத்துவிடும். எல்எஸ்பியின் பட்டியல் மட்டும் மிரட்டும். கம்ப்ரஸரிலேயே மோனோ, ஸ்டீரியோ, சைட்செயின் என்று தனித்தனியாக நிற்கும். ஒற்றை மைக்கில் பதிந்த குரலுக்கு மோனோவை எடுங்கள், மற்றவை கிடக்கட்டும். எல்எஸ்பியின் பாராமெட்ரிக் ஈக்யூ எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வரைபடம்: 50 ஹெர்ட்ஸில் மின்சார ரீங்காரம் (ஹம்) மேடாக எழுந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ளதைக் குறைக்கும் வடிகட்டி) வைத்தால் அந்த மேடு அமுங்கிவிடும். 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் மிச்சமிருந்தால் அந்த இடத்தை மட்டும் குறுகலாக வெட்டுங்கள்.

மின்விசிறிச் சத்தத்துக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டது. ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கியின் அடிப்படையிலான பிளகினைப் பேச்சுக்குப் போட்டால் அசந்துபோவீர்கள். பாட்டுக்குப் போட்டாலோ, கார்வை தேயும் இடத்தில் குரலையே வெட்டிவிடும். அது பேச்சுக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. பாட்டுக்கு நாய்ஸ் ரிப்பெல்லன்ட் என்ற பிளகின் தேவலை. வெறும் அறைச் சத்தத்தைச் சில வினாடி கேட்கவிட்டு, இரைச்சல் எது என்று அதற்குப் பழக்க வேண்டும். அந்த நேரத்தில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் தொலைந்தது. மாறாமல் ஒலிக்கும் சுருதியையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துக் கழிக்கும். குரலின் ஸட்ஜமமும் பஞ்சமமும் சோகை பிடித்தாற்போல் வெளிறிப்போகும். எது எப்படியோ, பாடி முடிக்கும்வரை விசிறியை நிறுத்தி வைப்பதற்கு ஈடான பிளகின் இன்னும் வரவில்லை.

பாடுவது ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்குமோ என்ற பயம் பழைய காலத்தது. இப்போது லினக்ஸில் ஒலியைக் கையாள பைப்வயர் இருப்பதால், அதே வேலைக்கான பழைய ஜாக்கைத் தனியாக ஓட்டித் திண்டாட வேண்டியதில்லை. 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் ஒரு பஃபருக்குச் சுமார் 2.7 மில்லிவினாடி. பாடும்போது இது போதும். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள், பிராசஸர் மூச்சுவிடும்.

ஒரு இடத்தில் பலரும் குழம்புவார்கள். ஆர்டோரை ஃபிளாட்பேக்காக (தனிப் பெட்டியில் அடைத்து வரும் பொதி) நிறுவினால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிளகின்கள் அதன் கண்ணில் படாது. ஃபிளாட்பேக் வழியாகவே அவற்றையும் தனியாக நிறுவ வேண்டும். இதனாலேயே நான் ஆர்டோர், பிளகின் இரண்டையும் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறேன்.

அப்புறம் அந்த விண்டோஸ் பிளகின்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனுக்கு மேல், பிளகின்களை இணைத்துக் கொடுக்கும் யாபிரிட்ஜ் போட்டால், பிளகின் வடிவமான வி‌எஸ்டி கோப்புகள் லினக்ஸ் பிளகின் போலவே பட்டியலில் வந்து நிற்கும். உரிமச் சரிபார்ப்புக்கென்று தனி மென்பொருள் கேட்பவை அடிக்கடி முரண்டு பிடிக்கும். ஓடிக்கொண்டிருப்பவையும் வைன் பதிப்பு மாறினால் திடீரென்று மவுஸ் கிளிக்கை வேறு இடத்தில் வாங்கும். பாதிப் பாட்டில் இருக்கும்போது வைனைப் புதுப்பிக்காதீர்கள்.