பதிவுக்கும் பல அறைக்கும் ஒரே ரிசீவர்: பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

பழைய கேசட்டுகளையும் வானொலிக் கச்சேரிகளையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஹாலில் ஓடும் பாட்டு சமையலறையிலும் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சந்தையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாவது அறைக்குத் தனியாக ஒலி தரும் 'சோன் 2' வசதியுள்ள ஹோம் தியேட்டர் ரிசீவர் (ரிசீவர் என்பது வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி). இரண்டு, சாதாரண ஸ்டீரியோ ரிசீவரும் கூடவே வைஃபை வழியாக ஒலியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சின்னப் பெட்டியான ஸ்ட்ரீமரும். மூன்று, ரிசீவரே வேண்டாமென்று சோனோஸ் வகை வயர்லெஸ் ஸ்பீக்கர்கள். நான் வாங்கியது இரண்டாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வாட்ஸ், புளூடூத், ரிமோட் இதிலெல்லாம் நேரத்தைச் செலவிட வேண்டாம். நடுத்தர வீட்டு ஹாலுக்கு எந்த ரிசீவரின் வாட்ஸும் போதும். விஷயத்தைத் தீர்மானிப்பது பின்பக்கத்தில் இருக்கும் ஒரு ஜோடி ஆர்சிஏ துளைகள் (ஆடியோ வயர் செருகும் வட்டத் துளைகள்): ரெக் அவுட், அதாவது பதிவுக்கான வெளியீடு.

கேசட் டெக் காலத்து மிச்சம் அது. நாம் தேர்ந்தெடுத்த ஒலியை, ஒலியளவுக் குமிழுக்கும் பாஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கும் முன்பாகவே பிரித்து, மாறாத அளவில் வெளியே கொடுக்கும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து பதிவு செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்: யாராவது வந்து குமிழைத் தொட்டால் ஆலாபனை பாதியில் ஒடுங்கிப்போகும். ரெக் அவுட்டில் அந்தக் கவலை இல்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கேசட்டை ஓடவிடலாம். ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். கணினியில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளின் திரையில் மீட்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கணினிக்குக் கொண்டுசெல்ல, பெஹ்ரிங்கர் யுசிஏ202 போன்ற சின்ன யுஎஸ்பி பெட்டி போதும். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். பெரும்பாலானவற்றில் அது மோனோ. 60 நிமிடக் கேசட், சிடி தரத்தில் சுமார் 635 எம்பி பிடிக்கும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும்.

பல அறைக்கும் இதே துளைதான் வழி. ரெக் அவுட்டிலிருந்து ஒரு வயர் எடுத்து, லைன் இன் (ஒலி உள்ளீட்டுத் துளை) உள்ள ஸ்ட்ரீமரில் (வீம் ப்ரோ போன்றது) கொடுத்தால், கேசட்டோ எஃப்எம்மோ எது ஓடினாலும் வைஃபை வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். ஒரே சிக்கல் தாமதம். வைஃபை ஒலி சற்றுத் தேங்கித்தான் வெளியே வரும்; ஹாலில் பாடி முடித்த வரியைச் சமையலறை பின்னாலிருந்து பாடும். இதற்கு மருந்து பழைய ரிசீவர்களில் இருக்கும் 'டேப் மானிட்டர்' பொத்தான். ஸ்ட்ரீமரை ஒரு கேசட் டெக்காகவே பாவித்து, ரெக் அவுட்டை அதன் லைன் இன்னிலும், அதன் வெளியீட்டை ரிசீவரின் டேப் இன்னிலும் சேர்த்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் ஹாலும் ஸ்ட்ரீமரின் ஒலியையே கேட்கும். எல்லா அறையும் ஒன்றாகப் பாடும். இந்தப் பொத்தான் இல்லாத ரிசீவரில் அதே வயரைச் சாதாரண உள்ளீட்டில் செருகி அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால், ஒலி தன்னைத்தானே சுற்றி வந்து அலறும் அபாயம் உண்டு.

வைஃபையே வேண்டாம் என்பவர்களுக்கு ரிசீவரின் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் இணைப்பான 'ஸ்பீக்கர் பி' இருக்கிறது. சமையலறை வரை வயர் இழுத்தால் தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இரு அறையிலும் 8 ஓம் ஸ்பீக்கர்களைப் போட்டு ஏ, பி இரண்டையும் சேர்த்து ஓட்டினால், பல ரிசீவர்களில் மின்தடை 4 ஓமாக இறங்கி, ரிசீவருக்குப் பளு கூடும். பின்பலகையில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஹோம் தியேட்டர் ரிசீவரின் சோன் 2 காகிதத்தில் அழகாக இருக்கும். ஹாலில் ஒருவர் கிரிக்கெட் பார்க்க, படுக்கையறையில் இன்னொருவர் பாட்டுக் கேட்கலாம். இதைச் சாதாரண ஸ்டீரியோ ரிசீவரால் தர முடியாது. ஆனால் பழைய, மலிவான மாடல்கள் பலவற்றில் சோன் 2-க்கு அனலாக் உள்ளீடுகள் மட்டுமே போகும். ஹெச்டிஎம்ஐ, ஆப்டிக்கல் வழியாக வருவது அந்த அறையில் கேட்காது. ஹாலில் டிஜிட்டல் செயலாக்கத்தால் ஒலி சற்றுப் பிந்துவதால், இரு அறையிலும் ஒன்றையே ஓட்டினால் எதிரொலி தட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய மாடல்களில் ரெக் அவுட் பெரும்பாலும் காணாமலே போய்விட்டது. சோன் 2 ப்ரீ அவுட்டிலிருந்து (அந்த அறைக்கான ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வெளியீடு) பதிவு செய்யலாம்தான். பல மாடல்களில் அதன் அளவு அந்த அறையின் ஒலியளவோடு ஏறி இறங்கும். விலை உயர்ந்தவற்றில் இந்தக் குறைகள் பல தீர்ந்திருக்கின்றன. அவற்றை நண்பர்கள் வீட்டில் கேட்டிருக்கிறேனே தவிர, வைத்துப் புழங்கியதில்லை.

வயர்லெஸ் ஸ்பீக்கர்கள்? வசதிக்கு அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதிவுக்கு அவை சரிப்படாது. அதோடு எல்லாமே செயலியை நம்பியிருக்கிறது. 2024 மே மாதம் சோனோஸ் புதிய செயலியை வெளியிட்டபோது அலாரம், பாடல் வரிசையைத் திருத்துவது போன்ற வசதிகள் காணாமல் போக, நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ரெக் அவுட் துளைக்கு அப்டேட் கிடையாது.

பராமரிப்பு என்று பார்த்தால், கடலோர ஊர்களில் குமிழ்கள் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். புதிதாக வாங்குவதானால் யமஹா ஆர்-எஸ்202 போன்ற எளிய ரிசீவரிலும் பதிவுக்கான வெளியீடு இருக்கிறது, டேப் மானிட்டர் இல்லை. இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டு முள்ளின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்க வேண்டும். பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் மின்னழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்: அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது 100. நம் 230-இல் நேராகச் செருகினால் அதோடு சரி.