வீடா, ஆரம்ப சுகாதார நிலையமா: இரண்டாவது பிரசவத்துக்கு நான் எடுத்த முடிவு

இரண்டாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று ஆறாம் மாதம் வரை நினைத்திருந்தேன். முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில். சுகப்பிரசவம்தான், ஆனால் எட்டு மணி நேரம் கையில் டிரிப்ஸோடு மல்லாந்தே கிடந்தேன், அம்மாவை உள்ளே விடவே இல்லை. தமிழ்நாட்டில் தனியாரில் நடக்கும் பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அரசு மருத்துவமனைகளில் 36. அதனால் தனியார் கணக்கிலேயே இல்லை. வீடா, நாலு கிலோமீட்டரில் உள்ள சுகாதார நிலையமா என்பதுதான் கேள்வி.

வீட்டில் நடக்கலாம், குந்தலாம், இடுப்புக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம், அம்மா முதுகை நீவிவிடுவார். இது சின்ன விஷயமில்லை. செலவு இரண்டிலும் பெரிதாக இல்லை. தடுப்பூசியும் பிறப்புச் சான்றிதழும் நிலையத்தில் எளிது.

முடிவை மாற்றியது உதிரப்போக்கு. நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். அரை லிட்டரைத் தாண்டினாலே ஆபத்து, கவனிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிரே போகலாம். கர்ப்பம் முழுக்க நன்றாக இருந்தவர்களுக்கும் இது வரும். 2018இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் இறந்தது இதனால்தான்.

தங்கை பிறந்தபோது அம்மாவுக்கும் இதுதான். விரித்திருந்த பழஞ்சேலை நனைந்து, பாய் நனைந்து, மருத்துவச்சி கை பிசைந்து நிற்க, மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்களாம். “எனக்கு ஆயுசு கெட்டி. நீ ஆஸ்பத்திரிக்கே போடி” என்றார்.

நிலையத்தில் குழந்தை வெளியே வந்த அடுத்த நிமிடமே சிஸ்டர் தொடையில் ஆக்சிடோசின் ஊசி போட்டார், 10 யூனிட். கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து அது. அப்புறம் கால் மணிக்கு ஒரு தடவை அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். “தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கணும்மா. மெத்துனு இருந்தாத்தான் பயம்.” அந்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், அமுக்கும் கைக்கும் பழக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. ரத்த வங்கி உள்ள மருத்துவமனை நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம். வீடு என்றால் 108 வந்து சேரும் நேரமும் அதோடு கூடும்.

இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் மருந்தோடு வீட்டுக்கே வருகிறார்கள். 2011இல் அங்கே வெளிவந்த பெரிய ஆய்வில், சிக்கலில்லாத இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் வீட்டில் பெற்றாலும் குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை. தலைப்பிரசவத்தில் கூடியது. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதத்தை மருத்துவமனைக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. அப்படியொரு ஏற்பாடு எங்கள் ஊரில் இருந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பெற்ற அனுபவமும் எனக்கில்லை.

நிலையத்தில் கழிப்பறை சுமார்தான், ராத்திரியில் ஒரே சிஸ்டர். கடுமையான ரத்தசோகை இருந்தாலோ முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ அவர்களே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள். எட்டாம் மாதமே கேட்டு வைத்திருந்தேன். இந்தத் தடவை கடைசி வரை அம்மாவின் கை என் முதுகில்தான் இருந்தது.