கணினி பரிந்துரைக்கும் முதல் சீட்டு: ‘வின்னிங் நோட்ரம்ப் லீட்ஸ்’

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் நால்வர் சீட்டாட்டத்தில், டம்மியின் (ஏலத்தில் வென்று ஆடுபவரான டிக்ளேரரின் கூட்டாளி) சீட்டுகள் மேசையில் விரிவதற்கு முன்பே, டிக்ளேரருக்கு இடப்புறம் அமர்ந்திருப்பவர் தம் கையையும் ஏலத்தில் கேட்டதையும் மட்டும் வைத்து முதல் சீட்டை, அதாவது லீடை, இறக்கியாக வேண்டும். கையில் அதிகச் சீட்டுகள் உள்ள நீளமான சூட்டில் (ஸ்பேட், ஹார்ட் போன்ற சீட்டு வகை) நான்காவது பெரிய சீட்டை இறக்கு என்பது பிரிட்ஜின் முன்னோடியான விஸ்ட் காலத்திலிருந்து வழிவழியாக வரும் பாடம். டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியாஸும் எழுதி, 2011-இல் மாஸ்டர் பாயின்ட் பிரஸ் வெளியிட்ட ‘வின்னிங் நோட்ரம்ப் லீட்ஸ்’ என்ற நூல், துருப்பு இல்லாத நோட்ரம்ப் ஆட்டங்களில் அந்தப் பாடத்தைக் கணினியைக் கொண்டு சோதிக்கிறது.

ஒரு கையையும் ஓர் ஏலத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துமாறு மற்ற மூவரின் சீட்டுகளைக் கணினி ஆயிரக்கணக்கான முறை பகிர்ந்து பார்க்கிறது. ஒவ்வொரு லீடுக்கும் கான்ட்ராக்ட் (டிக்ளேரர் ஏலத்தில் ஏற்ற இலக்கு) எத்தனை சதவீதம் தோற்கிறது, சராசரியாக நமக்கு எத்தனை டிரிக் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்று) கிடைக்கிறது என்ற இரண்டும் பட்டியலில் உள்ளன. அணிப் போட்டிக்கு முன்னதும் ஒவ்வொரு டிரிக்கும் மதிப்பெண்ணைப் பாதிக்கும் மேட்ச்பாயின்ட் ஆட்டத்திற்குப் பின்னதும் பயன்படும்.

நூலின் சிறந்த பகுதி, எதிரணியில் ஒருவரின் ‘ஒரு நோட்ரம்ப்’ ஏலத்திற்கு அவருடைய கூட்டாளியிடமிருந்து நேராக ‘மூன்று நோட்ரம்ப்’ என்று பதில் வரும் ஆட்டத்தைப் பற்றியது. பதில் சொன்னவர் ஸ்டேமன் (கூட்டாளியிடம் நான்கு ஸ்பேடோ நான்கு ஹார்ட்டோ உண்டா என்று வினவும் ஏலம்) கேட்கவில்லை. ஆகவே அவரிடம் நான்கு ஸ்பேடோ நான்கு ஹார்ட்டோ இருக்க வாய்ப்புக் குறைவு, நம் கூட்டாளியிடம் அவை நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே குயின் தலைமையிலான நான்கு டைமண்டை விட்டுவிட்டு, இரண்டே சீட்டு உள்ள ஸ்பேடில் இறங்குவது பல கைகளில் மேலானது என்கின்றன பட்டியல்கள். குயினுக்குக் கீழிருந்து இறக்கும் லீட் எதிரணிக்கு ஒரு டிரிக்கை இலவசமாகக் கொடுத்துவிடக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஆனால் இக்கணக்கில் நால்வரும் எல்லாச் சீட்டுகளையும் பார்த்தபடியே ஆடுகிறார்கள். உண்மை ஆட்டத்தில் டிக்ளேரர் திணறித் தேட வேண்டிய குயினை நம் லீடே காட்டிக்கொடுத்தால் வரும் இழப்பு இதில் பதிவாகாது; ஏனெனில் கணினி டிக்ளேரர் அதை எப்படியும் பிடித்துவிடுவார். ஆகவே ஒன்றிரண்டு சதவீத வேறுபாடுகளை நான் பொருட்படுத்துவதில்லை. பெரிய இடைவெளிகளையே நம்புகிறேன். மடத்துத் துறவிகள் பிரிட்ஜ் ஆடும் நகைச்சுவைக் கதைகளால் பெயர் பெற்ற பேர்ட், இங்கே பட்டியல்களுக்கு இடையில் சற்று வறண்டே எழுதுகிறார்.

துருப்பு ஆட்டங்களுக்கான துணை நூல் 2012-இல் வந்தது. ஏஸை முதலில் இறக்குவது நாம் அஞ்சிய அளவுக்கு ஆபத்தானதன்று என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று. ஏல முறைகளில் ஓரளவு பழகியவர்கள் நோட்ரம்ப் நூலை முதலில் வாங்கலாம். ஸ்டேமன் இன்னும் கைவராதவர்களுக்கு இரண்டுமே இப்போதைக்குத் தேவையில்லை.