கூட்டு வீட்டுக் கடனும் இலவசக் கடன் அறிக்கையும்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நானும் என் கணவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனுக்கு இனிமேல் தவணை கட்டப் போவதில்லை என்று அவர் சொன்ன நாள் முதல், கடன் அறிக்கைச் சேவைகளை நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நாம் எல்லாவற்றையும் சிபில் என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், நாம் வாங்கிய கடன்களையும் தவணை கட்டிய விவரத்தையும் தொகுத்து அறிக்கையாகத் தரும் பணியைச் செய்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை, கடன் வாங்குபவரின் நம்பகத்தைக் காட்டும் எண்ணான ஸ்கோருடன் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிகள் நான்கு நிறுவனங்களுக்குமே விவரம் அனுப்புவதால், நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், பைசா செலவின்றி ஆண்டு முழுவதும் ஒரு கண் வைத்திருக்கலாம். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பலர் இதற்கு அஞ்சியே பார்க்காமல் இருக்கிறார்கள்.

முதல் அறிக்கையைத் திறந்தபோது, எல்லோரையும் போல நானும் 300க்கும் 900க்கும் இடைப்பட்ட அந்த எண்ணைத்தான் தேடினேன். இப்போது அதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கடனுக்கும் கீழே உள்ள 36 மாதக் கட்டங்கள். தவணை எத்தனை நாள் தாமதமானது என்பது மாதவாரியாக அங்கே பதிவாகியிருக்கும்; 000 என்றால் தாமதமில்லை. என் கட்டம் ஒன்றில் 034 என்று இருந்தது. தவணை கணவரின் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு வந்தது. அவர் முதல் விண்ணப்பதாரர் என்பதால் நிலுவை பற்றிய குறுஞ்செய்திகளும் அவர் கைப்பேசிக்கே சென்றன. கடனில் என் கையெழுத்து இருந்தும், என் எண் வங்கியின் பதிவில் இல்லை. நான் குறிப்பிட விரும்பாத அந்த வங்கிக் கிளையில் கேட்டபோது, "மேடம், சார் நம்பருக்கு அனுப்பிட்டோமே" என்றார்கள். கூட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது, இணை விண்ணப்பதாரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் தனியாகப் பதியச் சொல்லி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவதுதான். தவணைத் தாமதத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும்போது வாடிக்கையாளருக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் வரும்.

அறிக்கையின் வேகம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது விவரம் அனுப்புகின்றன. இது இருபுறமும் வெட்டும்: கட்டிய பணம் விரைவில் பதிவாகிறது, கட்டாத பணமும் அப்படியே.

இனி, இந்தச் சேவையால் முடியாதது. அறிக்கை நடந்ததைச் சொல்லுமே தவிர எதையும் தடுக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 43ஆம் பிரிவின்படி, கூட்டாக வாக்குறுதி தந்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. என் பாதி, அவர் பாதி என்ற கணக்கு வீட்டுக்குள் மட்டுமே செல்லும். விவாகரத்து வழக்கில் குடும்ப நீதிமன்றத்தில் "வீடும் கடனும் ஒருவருக்கே" என்று இருவரும் எழுதிக் கொடுத்தாலும், அந்த வழக்கில் சேராத வங்கியை அது கட்டுப்படுத்தாது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகும். அப்போது இருவர் அறிக்கையிலும் அது ஏறும். ஆகவே மனக்கசப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, நிலுவையையும் அடுத்த தவணைகளையும் என் தனிக் கணக்கிலிருந்து கடன் கணக்கு எண்ணுக்கே நேரடியாகச் செலுத்தினேன். அவர் பங்கைக் கேட்கும் உரிமையையும் அதே 43ஆம் பிரிவு தருகிறது. அதற்குச் சான்று என் வங்கிக் கணக்கு அறிக்கைதான். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் சான்று இருந்திருக்காது.

நிரந்தரத் தீர்வு, கடனை என் ஒருத்தி பெயருக்கு மாற்றுவதில்தான் இருந்தது. பழைய வங்கி என் சம்பளத்தை மட்டும் வைத்து மறுபடி தகுதி பார்க்க மறுத்ததால், வேறொரு வங்கிக்கு டேக் ஓவர் செய்தேன், அதாவது புதிய வங்கி பழைய கடனை அடைத்துவிட்டு என் பெயரில் கடன் தந்தது. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதால் அந்த வகையில் இழப்பில்லை. புதிய வங்கி அந்த 034ஐப் பற்றிக் கேட்டது. விளக்கக் கடிதமும் நானே அடைத்ததற்கான சான்றும் கொடுத்தேன். இந்த இடத்தில்தான் அறிக்கையை முன்னதாகப் பார்த்து வைத்திருந்ததன் பயன் தெரிந்தது, கேள்வி வரும் முன்பே பதில் தயாராக இருந்தது. ஐந்தாறு வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டேன், ஏனெனில் வங்கிகளின் ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். வீட்டில் கணவரின் பங்கை, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மூலம் பெற்றேன். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கிடையேயான இத்தகைய பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என 2023இல் உயர்த்தப்பட்டது. உயர்ந்த பின்னும் இது சலுகைதான். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் அவர் கணவர் என்ற உறவில் இருக்கமாட்டார் என்று பத்திர எழுத்தர் நினைவூட்டியதால், விவாகரத்துக்கு முன்பே பதிவை முடித்துக்கொண்டோம். அந்த ஒரு வார்த்தைக்கே எழுத்தருக்குக் கொடுத்த கட்டணம் தகும்.

புகார் சேவையையும் ஒருமுறை சோதிக்க நேர்ந்தது. பழைய கடன் அடைபட்ட பின்னும் ஓர் அறிக்கையில் அது நடப்பில் உள்ளதாகவே இருந்தது. இணையத்தில் புகார் பதிந்து, கடன் முடிவுச் சான்றை இணைத்தேன். மூன்று வாரத்துக்குள் சரியானது. முப்பது நாள் கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி இருப்பதால் புகார் எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. அதன் பிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். 2022 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

கடன் அறிக்கையை அடிக்கடி பார்க்கக் கட்டணச் சந்தா தேவையா என்று தோழிகள் கேட்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் ஒழுங்காகக் கட்டி வருகிற வீட்டில் அது வீண் செலவு. ஒருவர் விலகப்போவதாகச் சொல்லியிருக்கிறார், டேக் ஓவர் நடந்துகொண்டிருக்கிறது என்றால், அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் வாங்கலாம். நான் வாங்கினேன், கடன் மாறியதும் நிறுத்திவிட்டேன். பழைய கடனுக்கு நேரே இப்போது மூடப்பட்டது என்று இருக்கிறது. அந்த 034 மட்டும் அங்கேயே நிற்கிறது. அது பிழையல்ல என்பதால் திருத்தக் கேட்க இடமில்லை. புதிய கடனின் கட்டங்களில் இதுவரை ஏழு 000கள்.